மேட்டூர், பூலாம்பட்டி, சரபங்கா: மீன் ஏறுற வழி தேடி நாலு நாள்

முதல் நாள், மேட்டூர்

காலைல ஆறரைக்கு சேலம் புது பஸ் ஸ்டாண்ட்ல மேட்டூர் பஸ் ஏறியாச்சு, நானும் அப்பாவும். ஓமலூர் தாண்டி மேச்சேரி வந்ததும் அப்பா என்னை எந்திரிக்கச் சொல்லிட்டு ஜன்னல் ஓரமா உக்காந்துட்டாரு, அவர் பொறந்து வளர்ந்த ஊரு அது. சின்ன வயசுல லீவு விட்டா மேட்டூருக்கு நடந்தே போய் தூண்டில் போட்டவரு, மீன் பேரு அவருக்குத் தெரிஞ்ச அளவுக்கு எங்க வீட்ல யாருக்கும் தெரியாது.

இந்தப் பயணம் எப்படி வந்துச்சுனு சொல்லிடுறேன். போன வருஷம் அண்ணன் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தேன், நியூ மெக்சிகோல இருக்கான். அங்க சான் ஹுவான்னு ஒரு ஆறு, அதுல ஒரு தடுப்பணை, அந்தத் தடுப்பணை ஓரமா மீன் மேல ஏறிப் போறதுக்குனே ஒரு வாய்க்கால் வெட்டி வெச்சிருக்காங்க. அதைப் பாத்துட்டு வந்து அப்பாகிட்ட மணிக்கணக்கா சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு, "அங்க தினமும் ஆளு வர்றானா கண்ணு, இல்ல கட்டி உட்டுட்டுப் போயிட்டானுங்களா?" தினமும் வர்றாங்கப்பான்னேன். "அப்ப சரி, நம்ம ஆத்துல என்ன இருக்குனு ஒருக்கா போய் பாத்துட்டு வரலாம் வா" அப்படின்னாரு. அதான் இந்த நாலு நாள்.

மேட்டூர் அணை பத்தி நம்ம ஊர்க்காரங்களுக்கு நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல. 1925ல வேலை ஆரம்பிச்சு 1934ல முடிச்சாங்க, கர்னல் எல்லிஸ் தலைமை இன்ஜினியர், அப்ப கவர்னரா இருந்த ஸ்டான்லி பேரை நீர்த்தேக்கத்துக்கு வெச்சாங்க. முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி, தண்ணி நிக்கிற உயரம் 120 அடி. இந்த 120ங்கிற நம்பரை நாம எல்லாரும் நியூஸ்ல டெல்டா பாசனத்துக்காகப் பாப்போம், நான் இன்னைக்கு பவள விழா கோபுரத்து மேல நின்னு மீன் கண்ணுல பாத்தேன். கீழ இருந்து வர்ற ஒரு கெண்டைக்கு அது செங்குத்தா நிக்கிற சுவரு, அதுல எங்கயும் ஒரு படி கிடையாது.

கீழ எறங்கி வந்து அணைக்கட்டு முனியப்பனைக் கும்பிட்டுட்டு மீன் கடைக்குப் போனோம். எண்ணெய்ச் சட்டி பக்கத்துல மசாலா தடவி வரிசையா அடுக்கி வெச்சிருந்தாங்க, கட்லா, ரோகு, ஜிலேபி, கொஞ்சம் கெளுத்தி, ஒரு தட்டுல ஆரல். அப்பா எல்லாத்தையும் பாத்துட்டு "வெண்கெண்டை இருக்கா தாயி, கருமுழிக் கெண்டை, கோழிமீனு?"ன்னு கேட்டாரு. கடைக்கார அக்கா சிரிச்சுட்டு, "எங்கப்பா காலத்துப் பேரையெல்லாம் சொல்றீங்களேண்ணா, எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டு வலைல வரும், வந்தா வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிருவாங்க"ன்னாங்க.

இதுல எனக்கு ரொம்ப நாள் தெரியாம இருந்த விஷயம் ஒண்ணு இருக்கு. நாம டேம் மீன்னு ஆசையா வாங்குற கட்லாவும் ரோகுவும் காவிரி மீனே கிடையாது, கங்கைப் பக்கத்து மீன், கொண்டுவந்து விட்டது. ஜிலேபி ஆப்பிரிக்கா மீன், 1952ல இந்தியாவுக்குள்ள வந்துச்சு. அக்கா சொன்ன "அப்பா காலத்துப் பேரு"தான் இந்த ஆத்தோட சொந்த மீன். கட்லா ரோகு மேல எனக்குக் கோபம் எல்லாம் இல்ல, எத்தனையோ குடும்பத்துக்கு அதுதான் சோறு போடுது, ஆனா சொந்தக்காரன் பேரே கடைல இல்லாமப் போனது மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு. அப்பா ஒரு ஆரல் தட்டு மட்டும் வாங்கிச் சாப்ட்டாரு, அதிகமா பேசல.

ரெண்டாம் நாள், பண்ணவாடி

விடியக்காலைல பண்ணவாடி பரிசல் துறைக்குப் போயிட்டோம். தண்ணி நல்லா கீழ எறங்குனா பழைய கோயில் நந்தியும் சர்ச் கோபுரமும் தெரியுமே அந்த எடம்தான். இப்ப தண்ணி நெறைய கெடக்குறதால ஒண்ணும் தெரியல, பனி மட்டும் படுத்திருந்துச்சு. வலை எடுத்துட்டு கரைக்கு வந்த ஒரு மீனவர் அண்ணன்கிட்ட பேச்சுக் குடுத்தோம், அப்பா வயசுதான் இருக்கும், ஆனா கையைப் பாத்தா அம்பது வருஷம் வலை இழுத்த கைனு தெரியுது.

அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதுறேன். "ஆனி ஆடில மேல இருந்து புதுத்தண்ணி செக்கச்செவேல்னு கலங்கி வரும்ங்க, அந்த மண்ணு வாசம் பட்டா போதும், டேமுக்குள்ள கெடக்குற மீனெல்லாம் தலையைத் திருப்பிக்கிட்டு பாலாறு பக்கம், ஒகேனக்கல் பக்கம் ஏற ஆரம்பிச்சிரும். சினையோட போகும். அப்ப கெண்டைக்கு நம்ம மேல பயமே இருக்காது, அதுக்கு போகணும், அவ்ளோதான்." சரிங்கண்ணா, டேமுக்கு மேல இருக்கிறது ஏறிடுது, டேமுக்குக் கீழ இருக்கிறது என்ன பண்ணும்னு கேட்டேன். கொஞ்ச நேரம் தண்ணியையே பாத்துட்டு "முட்டும்"னாரு. அவ்வளவுதான் சொன்னாரு.

கெண்டையாவது பரவால்ல, ஆத்துக்குள்ளயே மேலயும் கீழயும் போய் வர்ற மீன், கொஞ்சம் எடம் கெடைச்சா சமாளிச்சுக்கும். உல்லமும் விலாங்கும்தான் பாவம். உல்லம் கடல்ல வளர்ந்து முட்டை போட ஆத்துக்குள்ள ஏறி வர்ற மீன், வங்காளிங்க இலிஷ்னு உயிரை விடுவாங்களே அதேதான், நம்ம காவிரிலயும் ஏறிட்டு இருந்துச்சு. அணைக்கட்டு ஒவ்வொண்ணா வந்து கடைசில மேட்டூரும் வந்ததுக்கு அப்புறம் காவிரி உல்லம் படுத்துப் போச்சு. விலாங்கு இதுக்கு நேர் எதிர், ஆத்துல வளர்ந்துட்டு முட்டை போட கடலுக்குப் போகும், அதோட குஞ்சு ஊசி மாதிரி இருக்கும்போதே கடல்ல இருந்து ஆத்துக்கு ஏறி வரணும். ரெண்டுக்கும் ஆறு மொத்தமா தொறந்து கெடக்கணும், நடுவுல ஒரு எடத்துல அடைச்சாலே கதை முடிஞ்சுது.

இது இன்னைக்கு நேத்து யாரோ கண்டுபிடிச்ச கவலையும் இல்ல. பிரான்சிஸ் டேன்னு மதராஸ் ராணுவத்துல டாக்டரா இருந்தவரு, மீன் ஆராய்ச்சிலதான் பேரு வாங்கினாரு, அவர் 1873ல எழுதின அறிக்கைலயே அணைக்கட்டு மீன் பாதையை அடைக்குது, வழி விட்டுக் கட்டணும்ங்கிற பேச்சு இருக்கு. 1873! மேட்டூருக்கு அஸ்திவாரம் போடறதுக்கு அம்பது வருஷம் முன்னாடி.

மதியம் வெயிலுக்கு லாட்ஜ்ல படுத்துட்டு அப்பாவுக்கு அந்த நியூ மெக்சிகோ கதையை மறுபடி சொன்னேன், இந்தத் தடவை பேப்பர்ல படம் போட்டு. இங்கயும் எழுதிடுறேன், ஏன்னா என்னைப் பொறுத்தவரைக்கும் இதுதான் முக்கியம்.

அந்தத் தடுப்பணை ஆள் உயரம் கூட கிடையாது, ஒரு மின் நிலையத்துக்குத் தண்ணி எடுக்கக் கட்டினது. அவ்ளோ குட்டியா இருந்தும் மீனால தாண்ட முடியல. 2003ல பக்கவாட்டுல வாய்க்கால் மாதிரி ஒரு பாதை கட்டினாங்க. மீன் அதுல எதிர்த்து ஏறி வரும், ஆனா நேரா மேல போயிட முடியாது, முடிவுல ஒரு தொட்டி, அதுல வந்து மாட்டும். அங்க நவஹோ பழங்குடி மக்களோட சொந்த அரசுல மீன்வளத் துறை இருக்கு, அந்த ஆளுங்க வந்து தொட்டில இருக்கிற மீனை ஒண்ணொண்ணா பாப்பாங்க, எண்ணுவாங்க, அளப்பாங்க. சொந்த ஆத்து மீனா இருந்தா மேல விடுவாங்க. வெளிய இருந்து வந்து ஆத்தைப் பிடிச்சுக்கிட்ட மீனா இருந்தா, அங்க பெரும்பாலும் ஒரு வகை கெளுத்தி, அதை எடுத்துடுவாங்க. அழியற நிலைல இருக்கிற மீன்னா உடம்புக்குள்ள அரிசி மணி சைஸ்ல ஒரு சிப் வெச்சு விடுவாங்க, அடுத்த தடவை வேற எங்கயாவது மாட்டினா இது இந்த மீன்தான்னு நம்பர் சொல்லிடும்.

அவங்க காப்பாத்தப் பாக்குற மீன்ல பெருசு கொலராடோ பைக்மின்னோ. கேட்டதும் என்னவோனு நினைச்சேன், கடைசில பாத்தா அதுவும் நம்ம கெண்டைக்கு சொந்தம்தான், அந்தக் காலத்துல ஆறடி வரைக்கும் வளர்ந்திருக்கு, முட்டை போட இருநூறு மைல் வரைக்கும் ஆத்துல போகும். ஆறடிக் கெண்டை! அப்பா "பொம்மீனு மாதிரி"ன்னாரு. ஆமாப்பா, நம்ம பொம்மீனு மாதிரியேதான், காவிரியோட திமில் வெச்ச பொம்மீன் உலக அளவுல மிக மோசமா அழியற பட்டியல்ல 2018ல சேர்ந்துச்சு, அதுவும் அந்த பைக்மின்னோவும் ஒரே மாதிரி கஷ்டத்துல இருக்கிற ரெண்டு ஊர் சொந்தக்காரங்க.

நான் போயிருந்த அன்னைக்கு ஒரு அக்கா முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுட்டு தொட்டிக்குள்ள நின்னாங்க. மீனைத் தொடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் கையை நனைச்சுக்கிட்டாங்க. ஏன்னு கேட்டதுக்கு, காஞ்ச கை பட்டா மீன் மேல இருக்கிற வழவழப்பு போயிடும், அப்புறம் புண்ணு வரும்னு சொன்னாங்க. இதைச் சொன்னதும் அப்பா படத்தை விட்டுட்டு நிமிர்ந்து பாத்தாரு. "அதான் ஆளு வேணும்ங்கிறது"ன்னாரு.

மூணாம் நாள், பூலாம்பட்டி

மேட்டூர்ல இருந்து கீழ வந்தா காவிரி ஆறு மாதிரியே இல்ல, ஏரி ஏரியா நிக்குது, ஏன்னா வரிசையா கதவணை. செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, அப்புறம் குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டைனு நாலு, ஒவ்வொண்ணுலயும் 30 மெகாவாட் கரண்ட் எடுக்கிறாங்க. நாங்க எடப்பாடி வந்து அங்கிருந்து பூலாம்பட்டி போனோம். குட்டி கேரளானு ரீல்ஸ் போடுறாங்களே அதே ஊரு, தென்னைமரமும் தேங்கி நிக்கிற தண்ணியும் மலையும் நிஜமாவே அழகுதான். விசைப்படகுல அக்கரை நெருஞ்சிப்பேட்டைக்குப் போயிட்டு வந்தோம், காத்து சூப்பர்.

ஆனா நான் வந்தது கதவணையைப் பாக்க. வரிசையா ஷட்டர், ஒரு ஓரத்துல பவர் ஹவுஸ், அதோட கீழ்ப்பக்கம் தண்ணி கொதிச்சு வருது. கரைல இருந்தே ரொம்ப நேரம் பாத்துட்டு நின்னோம். நீர்க்காக்கா ஒரு இருபது முப்பது வரிசையா உக்காந்திருந்துச்சு, எங்கனா சரியா அந்தக் கொதிப்புக்குக் கீழ. அப்பா கையைக் காட்டினாரு, "காக்கா உக்காந்திருக்கிற எடத்துலதான் மீன் நிக்குது, வாசல் வெக்கிறதுனா அங்கதான் வெக்கணும்."

இதை அவர் எந்தப் புத்தகத்துலயும் படிக்கல, ஆனா மீன் வழி கட்டுறவங்க முதல்ல சொல்ற விஷயமே இதுதான். மீனுக்கு வாசல் தெரியாது, அதுக்குத் தெரிஞ்சது தண்ணி இழுக்கிற திசை மட்டும். எங்க பலமா தண்ணி வருதோ அங்க போய் முட்டும். அதனால நூறடி தள்ளி ஆள் நடமாட்டம் இல்லாத ஓரத்துல அழகா படி கட்டி வெச்சா ஒரு மீனும் திரும்பிப் பாக்காது. வாசல் அந்தக் கொதிப்புக்குப் பக்கத்துலயே இருக்கணும், அதுல இருந்து வர்ற தண்ணியும் மீன் கவனிக்கிற அளவுக்கு சத்தமா, வேகமா வரணும்.

ரெண்டாவது விஷயம் படியோட உயரம். டிவில சால்மன் மீன் அருவியைத் தாவுறதைப் பாத்துட்டு நாம எல்லா மீனும் தாவும்னு நினைக்கிறோம், கெண்டை அப்படித் தாவற ஜாதி இல்ல, நீந்தித்தான் ஏறும். அதுக்கு ஒரு தொட்டிக்கும் அடுத்த தொட்டிக்கும் இருபது சென்டிமீட்டர் மாதிரிதான் ஏத்தம் இருக்கணும், நடுவுல மேல இருந்து அடி வரைக்கும் ஒரு இடுக்கு, அதுல தண்ணி பாயும், மீன் அதுக்குள்ள ஒரு உந்து உந்தி அடுத்த தொட்டில போய் மூச்சு வாங்கும். இப்ப கணக்குப் போட்டுப் பாருங்க, மேட்டூரோட 120 அடிக்கு இப்படிப் படி வெச்சா நூத்தி எம்பதுக்கு மேல தொட்டி வேணும், ஏறுறதுக்குள்ள மீன் செத்துரும். அவ்வளவு பெரிய அணைக்கு லிப்ட் வெக்கணும் இல்லாட்டி கீழ பிடிச்சு லாரில ஏத்தி மேல விடணும். ஆனா கதவணை அப்படி இல்லையே, மேட்டூர் மாதிரி மலை உயரம் இல்ல, இங்க முடியும்னு எனக்குத் தோணுது. நான் இன்ஜினியர் இல்ல, ஆசைப்படுறேன்.

படகு ஓட்டுற தம்பிகிட்ட வெள்ளம் வந்தா மீன் ஏறுமான்னு கேட்டேன். "ஷட்டர் பூராம் மேல தூக்கினாங்கன்னா வலுத்த மீன் ஏறிரும்க்கா, ரெண்டு ஷட்டர் மட்டும் கொஞ்சமா தொறந்தா அந்த வேகத்துல எதுவும் ஏறாது, அடிச்சு உட்ரும்"னான். எனக்கு பொசுக்குனு ஒரு வெளிச்சம் வந்த மாதிரி இருந்துச்சு. அப்ப ஷட்டரை எப்படித் தொறக்கிறோம், எந்த ஓரத்துல தொறக்கிறோம், எந்த மாசத்துல எத்தனை நேரம்ங்கிறதே மீனுக்கு ஒரு வழிதானே. புதுசா கான்கிரீட் போடறதுக்கு முன்னாடி, கரையோர ஷட்டரை புதுத்தண்ணி வர்ற வாரத்துல மீனுக்கு ஏத்த மாதிரி தொறந்து பாக்கலாமே. தண்ணி எடுக்கிறவங்க, கரண்ட் எடுக்கிறவங்க, மீன் பிடிக்கிறவங்க மூணு பேரும் ஒரே திண்ணைல உக்காந்து பேசினா ஆகாத காரியமா இது.

இன்னொண்ணு, ஷட்டர் முன்னாடி பச்சையா ஆகாயத்தாமரை அடைஞ்சு கெடந்துச்சு. மீன் வழினு ஒண்ணு இருந்தா மொத நாளே அதோட இடுக்குல இதுதான் வந்து சிக்கும். காலைல யாராவது ஒருத்தர் கொக்கி எடுத்துட்டு வந்து இழுத்துப் போடணும். தண்ணி கொறஞ்சா ஒரு பலகையை எடுக்கணும், கூடினா ஒண்ணு போடணும். அது தினப்படி வேலை, மாடு வெச்சிருக்கிற மாதிரி.

ராத்திரி எடப்பாடில தங்கினோம். ஒம்பது மணிக்கு மேல வடகிழக்கால வானம் கிழிஞ்ச மாதிரி மின்னல், ஏற்காட்டு மலைல கொட்டுதுனு ஓட்டல்காரர் சொன்னாரு. அப்பா உடனே, "நாளைக்கு சரபங்கா வரும்"னாரு.

நாலாம் நாள், சரபங்கா

வந்துருச்சு. சரபங்கா சேர்வராயன் மலைல பொறந்து ஓமலூர், தாரமங்கலம், எடப்பாடி வழியா வந்து தேவூர் பக்கம் காவிரில சேருது. வருஷத்துல பாதி நாள் ஆறுனே சொல்ல முடியாது, கருவேல முள்ளும் சாக்கடையுமா கெடக்கும், மலைல மழை பேஞ்சா மட்டும் உசுரு வரும். தேவூர் பக்கத்துல ஒரு ஊரு, பேர் வேண்டாம், அங்க இடுப்பளவு ஒரு சின்னத் தடுப்பணை. டூவீலர்ல போற ஒருத்தர் "மீன் ஏறுதுங்க, போய் பாருங்க"ன்னு சொல்லித்தான் போனோம்.

போய் பாத்தா கண்ணை எடுக்க முடியல. காபி கலர்ல தண்ணி தடுப்பணை மேல வழிஞ்சு விழுது, கீழ மீன் துள்ளுது. விரல் நீளக் கெண்டை, கையளவு கெண்டை, மீசையோட கெளுத்தி, பேர் தெரியாத பொடி மீன். எல்லாம் காவிரில இருந்து புதுத்தண்ணியை மோந்துட்டு ஏறி வந்தது. சுவத்துல மோதி விழுது, மறுபடி வருது, மறுபடி விழுது. பசங்க நாலஞ்சு பேரு கொசுவலையைப் பிடிச்சுட்டு நிக்கிறானுங்க.

இடது ஓரத்துல மட்டும் வேற மாதிரி இருந்துச்சு. அங்க தண்ணி ஒரேயடியா விழல, சுவத்துக்குக் கீழ பெரிய பெரிய கல்லா அடுக்கி, ஒரு கல்லு, ஒரு குழி, ஒரு கல்லு, ஒரு குழினு படி மாதிரி எறங்கி வந்துச்சு. கோவணம் கட்டின ஒரு தாத்தா முழங்கால் தண்ணில நின்னு கல்லை நகத்திட்டு இருந்தாரு. அப்பா செருப்பைக் கழட்டிட்டு நேரா எறங்கிட்டாரு.

"யாருங்க இதைக் கட்டுனது?"

"யாரு கட்டுறது, நாந்தான். போன வெள்ளத்துக்கு மேல ரெண்டு கல்லு உருண்டு போச்சு, அதைத் தூக்கி வெக்கிறேன். செத்த அந்தப் பக்கம் புடிங்க சாமி."

பிடிச்சாரு. நானும் எறங்கினேன். எவ்ளோ உயரத்துக்கு ஒரு கல்லு வெக்கிறீங்க தாத்தான்னு கேட்டேன். கையை விரிச்சுக் காட்டினாரு, "ஒரு சாணு. அதுக்கு மேல வெச்சா கெண்டை ஏறாது பாப்பா, திரும்பிரும்." ஒரு சாண்! நான் அந்த எடத்துல அப்படியே நின்னுட்டேன், முந்தின நாள் நான் கணக்குப் போட்ட இருபது சென்டிமீட்டரும் அவர் கைச் சாணும் கிட்டத்தட்ட ஒண்ணு.

பசங்க ஒருத்தன் கொசுவலையோட படி பக்கம் வந்தான். தாத்தா திட்டல, சாதாரணமா சொன்னாரு, "கீழ போய் புடிங்கடா, குழம்புக்கு வேணுங்கிறதைப் புடிங்க. படில வெக்காதீங்க, ஏறுறது சினை மீனு." அவனும் போயிட்டான். எதுக்கு தாத்தா இதெல்லாம் பண்றீங்கன்னு நான் கேக்க நினைச்சேன், கேக்கல, அப்பா கேட்டுட்டாரு. "மேல நம்ம காடு இருக்குது, வாய்க்கா ஓரம். சின்னப் புள்ளைல இருந்து அங்க குட்டைல மீன் பாத்திருக்கேன். இந்தச் சுவரு வந்த மறுவருசம் ஒரு மீன் இல்ல. ஏறுறதுக்கு எடம் இருந்தாத்தானே வரும்." அவ்வளவுதான்.

ரெண்டு மணி நேரம் அங்கயே இருந்தோம். கடைசிக் கல்லை தாத்தா கொஞ்சம் சாய்ச்சு வெச்சதும் மேல் குழில தண்ணி நிதானமாச்சு. முதல்ல ஒரு பொடிக் கெண்டை வந்து குழில நின்னுச்சு, செவுள் படபடன்னு அடிச்சுக்கிச்சு, நான் மூச்சு விடாம பாத்துட்டு இருந்தேன். ஒரு உந்து, அடுத்த குழி. இன்னொரு உந்து, சுவத்துக்கு மேல போயி காணாமப் போச்சு. அப்பா சட்டைப்பைல இருந்து சின்ன நோட்டை எடுத்து ஒண்ணுன்னு எழுதினாரு. அப்புறம் கோடு போட ஆரம்பிச்சாரு, நாலு கோடு குத்தா, அஞ்சாவது குறுக்கால. கெண்டை தனியா, கெளுத்தி தனியா. ஒரு ஜிலேபி ஏற வந்துச்சு, தாத்தா ஈரக் கையால அள்ளி பசங்க வாளில போட்டுட்டாரு. யாரும் அவருக்கு அதைச் சொல்லிக் குடுக்கல.

நாங்க கிளம்புறப்ப நோட்டுல கெண்டை நாப்பத்தி மூணு, கெளுத்தி ஆறு. அப்பா அந்தத் தாளைக் கிழிச்சு தாத்தாகிட்ட குடுத்தாரு, தாத்தா அதை மடிச்சு டவுசர் பைல வைக்க முடியாதே, தலைத்துண்டு மடிப்புல சொருகிக்கிட்டாரு. நம்பர் வாங்கிட்டு வந்தோம்.

அடுத்த நாள், வீடு

இன்னைக்கு காலைல டீ குடிக்கும்போதே அப்பா தாத்தாவுக்கு போன் போட்டாரு, ஸ்பீக்கர்ல. ராத்திரி மழை இல்லையாம், தண்ணி பாதியா எறங்கிடுச்சாம். "நடுக் குழில தண்ணி பத்தல, ரெண்டு மீனு அதுக்குள்ள சிக்கி நின்னுச்சு. விடிஞ்சதும் போயி புடிச்சு மேல உட்டுட்டேன்"னாரு. அப்பா எந்திரிச்சுப் போயி நோட்டை எடுத்துட்டு வந்தாரு. "கெண்டைங்களா, கெளுத்திங்களா?"